கட்டணமில்லாத வகுப்பு

1987 செப்ரெம்பர் 2, புதன்

எனக்கு உதவி கிடைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் எடுப்பதற்கு உதவி. முப்பத்திரண்டு வயதில். ஊரில், மானிப்பாயில், ஏழு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்த எனக்கு.

என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை இந்த ஜேர்மனியில் ஒருவரும் மதிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அழகான முத்திரை" என்றான். இங்கே எந்த அவுஸ்பில்டுங்குக்கும், அதுதான் தொழிற்பயிற்சிக்கும், முதலில் அவர்களுடைய ஒன்பதாம் வகுப்பைத் தேற வேண்டுமாம்.

உதவி செய்வது இந்த ஊர்ச் சனம் அகதிகளுக்காக நடத்தும் நண்பர்கள் வட்டம். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஆறு பெண்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு பிளம்ஸ் கேக். தலைவி ஃபிறாவ் வெஸ்ஸல்; ஃபிறாவ் என்றால் திருமதி. செவிடர்களோடு கதைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக உரத்துச் சொன்னார்: "வகுப்புக் கட்டணம் முழுவதும் நாங்கள். உங்களுக்கு ஒரு பெனிக்கும் செலவில்லை."

எங்கள் அகதி ஹைமிலிருந்து, அதாவது அகதி இல்லத்திலிருந்து, இரண்டு பேரைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். ஒன்று நான். மற்றது கொறற்றி.

கொறற்றி! என் அறைக்காரி. பாசையூர், மீன்பிடிக்கிற ஊர். நாற்பத்தொரு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மீன்கூடை தூக்கியவள். புருஷனைக் கடலில் நேவி சுட்ட பிறகு, மகளைக் கன்னியர்மடத்து விடுதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஃபிறாவ் வெஸ்ஸலின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்த மனுசிக்கும் கண் கலங்கிவிட்டது. நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவளும் நானும் இனி வகுப்பில் ஒரே வாங்கில்.

செப்ரெம்பர் 7, திங்கள்

முதல் வகுப்பு. ஃபோல்க்ஸ்ஹோக்சூலே. மக்கள் உயர்பள்ளி என்று அர்த்தம். பன்னிரண்டு மக்கள் இருந்தார்கள். உயர்வு ஒன்றையும் காணவில்லை.

கணக்குக்கு ஹெர் லோமான். காற்சட்டைப் பையில் கையை விட்டபடி படிப்பிக்கிறார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கொறற்றி கையைத் தூக்கி, தன் உடைந்த ஜேர்மனில், ஐந்தில் இரண்டு என்றாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து!

"கிட்டத்தட்ட!" என்றார் லோமான், சிரித்துக்கொண்டு.

கிட்டத்தட்டவா? அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையிலும் குறைந்துபோகுமா? இது கணக்கா, வானிலை அறிக்கையா?

பிறகு அவரே பலகையில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதினார். நான் பேசாமல் இருந்தேன். எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று. "ஐம்பத்தாறு" என்றாள் கொறற்றி. வாய்ப்பாடு கிளிக்கும் வரும்.

செப்ரெம்பர் 20, ஞாயிறு

ஒரு பெனிக்கும் செலவில்லை என்றார் அல்லவா. கணக்கு ரீச்சர், செய்து பார்த்தேன்.

கட்டணம் அரை வருஷத்துக்கு 160 மார்க். அது வட்டத்தின் தர்மம். ஹைமிலிருந்து நகரத்துக்குப் பதினொரு கிலோமீற்றர். பஸ் மாதச்சீட்டு 54. மூன்று புத்தகம் 61.80. பிறப்புச் சான்றிதழை முத்திரையோடு மொழிபெயர்க்க 45. என் கையில் மாதம் வருவது 72 மார்க். சாப்பாட்டுக்குத் தருவதெல்லாம் துண்டு. அந்தத் துண்டைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட கடையில் அரிசியும் கோழியும் வாங்கலாம், பென்சில் வாங்கேலாது.

இதோடு முடியவில்லை. நகரசபை கூப்பிட்டால் மயானத்தில் இலை கூட்டப் போக வேண்டும். மணிக்கு ஒன்றரை மார்க். வகுப்பு நாளில் இரண்டு தரம் கூப்பிட்டார்கள், போகவில்லை. அடுத்த மாதம் இருபது மார்க் வெட்டு என்று கடிதம் வந்திருக்கிறது. "படிக்கத்தானே போனேன்" என்றால், "அது உங்கள் விருப்பம்" என்கிறான் அலுவலகத்தில் இருப்பவன். ஒரு கை தருகிறது, மறு கை அதை வாங்கிக்கொள்ளுகிறது, இரண்டு கையும் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ளுகின்றன.

முத்திரைக் காசை மிச்சம் பிடிக்க, ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு இனி மாதம் ஒரு கடிதம்தான்.

கொறற்றி காலையில் இலை கூட்டிவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு மத்தியானம் வகுப்புக்கு வருகிறாள். பக்கத்தில் இருக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஒக்ரோபர் 4, ஞாயிறு

அறுவடை நன்றிப் பெருவிழா. நண்பர்கள் வட்டம் எங்களைக் காட்சிக்கு வைத்தது. பூசணிக்காய், கோதுமைக் கதிர், அப்பிள், பிறகு நாங்கள்.

சேலை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். கட்டவில்லை. நான்கு வசனம் நன்றி சொல்லச் சொன்னார்கள். தொண்டை நோகிறது என்றேன். கொறற்றி சேலை கட்டி, பூசணிக்காயைப் பிள்ளைபோல ஏந்திக்கொண்டு நின்று, தமிழில் மாதா பாட்டு ஒன்றைப் பாடினாள். குரல் பரவாயில்லை. உள்ளூர்ப் பேப்பர்க்காரன் படம் எடுத்தான்.

ஃபிறாவ் வெஸ்ஸல் என்னிடம், "நீங்கள் கொஞ்சம் பெருமைக்காரி" என்றார். பெருமைதான். வேறு என்ன கொண்டு வந்தேன் நான் இந்த நாட்டுக்கு?

ஒக்ரோபர் 29

தவராசா அண்ணை ஹைமின் பொதுச் சமையலறையில் ஆள்சேர்த்து வைத்துக்கொண்டு, "ரீச்சர், ஒன்பது முடிய அடுத்த வருசம் பாலர் வகுப்போ?" என்றார். ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்த மனுசன். இங்கே நாள் முழுக்கக் கடதாசிக் கட்டும் சீட்டாட்டமும்.

"நீங்க ரெண்டு வருசமாய் ‘குட்டன் ராக்’ எண்ட வணக்கத்தைத் தாண்டேல்லையே அண்ணை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கொறற்றிதான் எல்லோரிலும் கூடுதலாகச் சிரித்தாள். எனக்காக இவள் ஏன் சிரிக்க வேண்டும்?

நவம்பர் 18, புதன்

கொறற்றி பின்னம் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்கிறாள். மூன்றாம் தரம். "ரீச்சர், பத்தே நிமிசம்." தலையிடி என்றேன். உண்மையில் ஏழு வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் களைத்துப்போனேன். கிழடுகளுக்கும் படிப்பிக்க வேண்டுமா?

மீன் குழம்பு வைத்து என் கட்டில் பக்கமாகக் கொண்டுவந்து வைத்தாள். வெறும் பாண் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். இதை இங்கே எழுதலாம், வாசிக்க ஒருவரும் இல்லை. பாசையூராள் சமைத்ததை நான் சாப்பிடுவதில்லை. ஊரில் என்றால் அவளுக்கு எங்கள் வீட்டில் கொல்லைப்புறப் படலையால்தான் வழி. என் சட்டியைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். ஒருநாளும் தொட்டதில்லை.

1988 ஜனவரி 11, திங்கள்

ஃபிறாவ் வெஸ்ஸல் என்னை மட்டும் வரச்சொன்னார். வீட்டுக்கு. சப்பாத்தைக் கழற்றி, அவர் தந்த கம்பளிக் காலணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வட்டத்தில் பணம் குறைந்துவிட்டதாம். மண்டபத்துக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கண்டேன். இரண்டாவது அரை வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் கட்டலாம்.

"நீங்கள் ஆசிரியை. நேர்மையாகச் சொல்லுங்கள். கொறற்றி சோதனையில் தேறுவாரா?"

யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை.

"மாட்டார்" என்றேன்.

அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கின. நிம்மதி. அந்தச் சொல்லை வேறொருவர் வாயால் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இன்னும் ஒரு பிஸ்கற் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

ஜனவரி 12

நான் பொய் சொல்லவில்லை.

ஜனவரி 15, வெள்ளி

கொறற்றிக்கு இன்று சொல்லியிருக்கிறார்கள். வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். கேத்திலை வைத்தாள். இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி ஒன்றை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஒராளெண்டாலும் படிக்கட்டும். நீங்க படியுங்கோ ரீச்சர்" என்றாள்.

தேத்தண்ணியைக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை. சூடாக இருந்தது.

பெப்ரவரி 1, திங்கள்

அவள் வகுப்புக்கு வருகிறாள்! அதே வாங்கு, அதே கொப்பி. கட்டணத்தில் பாதியைத் தானே கட்டிவிட்டாளாம், மிச்சம் தவணையில். காசு எங்கால் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தவராசா அண்ணை சொன்னார்: விடிய ஐந்து மணிக்கு ஆற்றுப்பக்கத்து விருந்தினர் விடுதி ஒன்றுக்குப் போய் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாளாம்.

எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஐந்து வருஷத்துக்கு இல்லை. பிடித்தால் தஞ்சக் கேஸில் எழுதுவான்.

முட்டாள் மனுசி. எதற்கு? ஐந்தில் இரண்டுக்கா?

பெப்ரவரி 19, வெள்ளி

பிடித்துவிட்டார்கள்.

காலையில் விடுதிச் சமையலறைக்குள் இரண்டு பேர் வந்து அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். முதலாளி, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்றானாம். தெரியாதாம்! அவள் இடுப்பில் அவனுடைய ஏப்ரன், கையில் அவனுடைய கத்தி.

பின்னேரம் கொண்டுவந்து விட்டார்கள். முந்நூறு மார்க் தண்டம். கடிதத்தை என்னிடம் நீட்டி, "இதில என்ன எழுதியிருக்குது ரீச்சர்?" என்றாள். வாசித்துச் சொன்னேன். வகுப்பில் எனக்கு எப்போதும் உச்சரிப்பில் முதலிடம். ‘தஞ்சக் கோரிக்கை பரிசீலிக்கப்படும்போது இது கவனத்தில் கொள்ளப்படும்’ என்ற வசனத்துக்கு வந்தபோது நாக்குத் தடக்கியது.

மார்ச் 3, வியாழன்

கொறற்றியை வேறு மாவட்டத்து ஹைமுக்கு மாற்றிவிட்டார்கள். எழுபது கிலோமீற்றர். பத்து மணிக்கு வான் வந்தது.

ஒரு பெட்டி, ஒரு உரப்பை, கணக்குப் புத்தகம். கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, ஃபிறாவ் வெஸ்ஸல் என்னட்டைத்தான் கேட்டவ. நான்தான் நீங்கள் பாஸ் பண்ண மாட்டியளெண்டு..."

"தெரியும்" என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "அண்டைக்கே சொன்னவ. உங்கட ரீச்சரே சொல்லிப்போட்டா எண்டு."

"பிறகேன் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்கள்?"

"கேத்திலுக்க ரெண்டு பேருக்குத் தண்ணி இருந்தது."

வான்காரன் ஹோர்ன் அடித்தான். போய்விட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்புக்குப் போகவில்லை. ஏழு கிழமை. ஏழு கிழமையாய் எல்லாம் தெரிஞ்சுகொண்டு எனக்குப் பக்கத்தில படுத்தெழும்பினவ. என்ர ‘தலையிடி’, என்ர தனிச்சட்டி, எல்லாம் தெரிஞ்சுகொண்டு. நான் யாரடி? பள்ளிக்கூடம் இல்லாத ரீச்சர். என்னட்டை என்ன இருக்குது எண்டு இவ்வளவு எடுப்பு?

மார்ச் 9

வெறும் கட்டில். ஹைம் பொறுப்பாளர், வேறு ஆளைப் போடும்வரை அறை முழுவதும் உங்களுக்குத்தான் என்றார், பரிசு தருவதுபோல.

யூலை 1, வெள்ளி

முடிவு வந்தது. தேறிவிட்டேன். இங்கே ஒன்று என்றால் அதிசிறப்பு, நாலு வரை தேர்ச்சி, ஐந்து என்றால் தவறியது. கணக்கு ஒன்று. ஜேர்மன் இரண்டு. லோமான் பையிலிருந்து கையை எடுத்து எனக்குக் கை தந்தார்.

யூலை 10, ஞாயிறு

வட்டம் எனக்காகக் கோப்பி விருந்து வைத்தது. இம்முறை செறிப்பழக் கேக். நன்றி சொல்லச் சொன்னார்கள். தொண்டை நோகிறது என்று சொல்லவில்லை. எழும்பினேன்.

"கட்டணத்தை நீங்கள் கட்டினீர்கள். அதற்கு நன்றி. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் நான் கட்டினேன். மிச்சத்தைக் கொறற்றி கட்டினார். முந்நூறு மார்க் தண்டமும், இந்த ஊரில் அவர் இருந்த கட்டிலும். உங்கள் கணக்கில் அது விடுபட்டிருக்கிறது."

நல்ல ஜேர்மன். ஒரு பிழை இல்லை. காது கேளாத அந்தத் தபால்காரர் மட்டும், நன்றிதான் சொல்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாசலில் ஃபிறாவ் வெஸ்ஸல் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. இந்தத் தரம் உரத்துப் பேசவில்லை.

"நான் உங்களிடம் கேட்டேன். ‘மாட்டார்’ என்று சொன்னது நீங்கள்."

அந்த மனுசி சொன்னதில் முதன்முறையாக ஒரு வசனம் சரியாக இருந்தது. பதினொரு கிலோமீற்றரும் நடந்தே வந்தேன்.

ஓகஸ்ட் 12

நகர மருத்துவமனையில் உதவித் தாதிப் பயிற்சிக்கு அன்றாக், அதாவது விண்ணப்பம், கொடுத்திருந்தேன். பதில்: மதிப்பெண்கள் சிறப்பானவை, ஆனால் தஞ்சக் கோரிக்கை முடிவாகும்வரை பயிற்சியும் வேலைதான், வேலைக்கு அனுமதி இல்லை. சான்றிதழைப் பெட்டிக்குள், மானிப்பாய்ச் சான்றிதழுக்கு மேலே வைத்தேன். இரண்டிலும் முத்திரை அழகாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 27, சனி

கொறற்றியிடம் போனேன்.

மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ‘கணக்கு’ என்று எழுதினேன். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதை வெட்டி, ‘சந்திப்பு’ என்று எழுதித் தந்தாள்.

பழைய படைமுகாம் ஒன்றுதான் அவருடைய புது ஹைம். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தார் கொறற்றி. மெலிந்திருந்தார்.

"என்ன ரீச்சர், வழி மாறி வந்திட்டியளோ?"

என்னென்னவோ மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக அந்த அனுமதித் துண்டை நீட்டினேன். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தனீங்களெண்டா பஸ் நாலரைக்கு இருக்கு. கணக்குச் சொல்லித்தர வந்தனீங்களெண்டா உள்ள வாங்கோ."

உள்ளே போனேன்.

இந்த ஊரிலும் இப்படி ஒரு வகுப்பு இருக்கிறதாம். அடுத்த மாதம் தொடங்குகிறது. கட்டணத்துக்குத் தன் காதுத் தோட்டை விற்றுவிட்டார். "இந்தத் தரம் ஒருத்தற்ற கையையும் கண்ணில ஒத்தத் தேவையில்லை" என்றார். அவர் அதைச் சந்தோஷமாகச் செய்தார் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

செப்ரெம்பர் 17, சனி

பின்னம் படிப்பித்தேன். வட்டம் கீறி, வெட்டி, நிறம் தீட்டி, என் ஏழு வருஷப் பயிற்சி முழுவதையும் கொட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பென்சிலை வைத்தார்.

"நில்லுங்கோ. பன்னிரண்டு கூடை மீன் வருகுது. பாதி வள்ளச் சம்மாட்டிக்கு. மூண்டில ஒண்டு வலைக்காரருக்கு. என்ர கையில மிஞ்சிறது ரெண்டு கூடை. ஆறில ஒண்டு. இதைத்தானே இவ்வளவு நேரமும் கேக்கிறியள்?"

"ஓம்."

"அப்ப அரையும் மூண்டில ஒண்டும் ஆறில அஞ்சு. அதை அப்பிடியே சொல்லுறதுக்கென்ன?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதம் இந்த மனுசி ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்து பத்து நிமிஷம் கேட்டிருக்கிறார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அன்றைக்கு ஜனவரியில் நான் சொன்னது பொய்தான். தெரியாமல் சொன்னது. தெரிந்துகொள்ள விரும்பாமல் சொன்னது. அதற்குத் தனிப் பெயர் இருக்கிறதா?

நவம்பர் 5, சனி

மாதத்தில் இரண்டு அனுமதிதான் தருகிறார்கள். மற்ற இரண்டு சனியும் அனுமதி இல்லாமல் போகிறேன். இன்று ரயிலில் பிடித்தார்கள். நாற்பது மார்க். பொலீஸ்காரன், "அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்றான். கணக்கில் வீதம் படிப்பிக்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை. நானாயிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு பூசணிக்காய்தான். அறுவடை விழாவில்போல ஏந்திக்கொண்டு நிற்கலாம்.

தவராசா அண்ணைக்கு விஷயம் எட்டிவிட்டது. "ரீச்சருக்கு விசர். சும்மா கிடைச்சதுக்குப் பிறகு காசு கட்டுறா" என்று எல்லோருக்கும் சொல்கிறார். இந்த மனுசன் வாயிலிருந்தும் எப்போதாவது சரியான கணக்கு வந்து விழுகிறது.

1989 ஜனவரி 28, சனி

பனி. ரயில் ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. இன்று அங்கே சாப்பிட்டேன். மீன் குழம்பு. அவர் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. தட்டை வைத்துவிட்டு அட்சர கணிதத்தில் தலையைக் குனிந்துகொண்டார். உறைப்பு அதிகம். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன்.

எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டால்தான் இன்னும் முகம் இருண்டுவிடுகிறது. "பேர் தெரியாத ஆளை வைச்சு என்னெண்டு கூட்டிக் கழிக்கிறது?" என்கிறார். அதற்கு மீன்கூடையும் உதவவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. திரும்பத் திரும்பச் செய்வித்தேன்.

ஏப்ரல் 15, சனி

மாதிரித் தாள் ஒன்று கொண்டுபோய்ச் செய்வித்தேன். ஐந்து. தவறியது. அவர் அதைக் கிழித்துக் குப்பைக்குள் போட்டுவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கோ. பாஸ் பண்ணுவனோ?" என்றார்.

அதே கேள்வி.

"தெரியாது அக்கா" என்றேன். "எனக்குத் தெரியாது."

அவர் குப்பைக்குள் இருந்து துண்டுகளை எடுத்து மேசையில் பொருத்தத் தொடங்கினார். "எங்க பிழைச்சதெண்டு காட்டுங்கோ."

ஜூன் 13, செவ்வாய்

அவருக்கு இன்று கணக்குச் சோதனை. நான் இங்கே மயானத்தில் இலை கூட்டினேன். ஜூனில் என்ன இலை? இல்லாத இலையைக் கூட்டுவதற்கு மணிக்கு ஒன்றரை மார்க். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே இடத்தையே கூட்டியிருக்கிறேன். மேற்பார்வைக்காரன் வந்து, இந்த இடம் துப்புரவாகத்தான் இருக்கிறது அம்மணி என்றான்.

ஜூன் 27, செவ்வாய்

தவராசா அண்ணை மாடிப்படியில் நின்று கத்தினார்: "ரீச்சர்! ரெலிபோன்!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். வீதியோரத்து ரெலிபோன் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார் கொறற்றி அக்கா. காசு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜேர்மன் மூண்டு. சமயம் ஒண்டு. கணக்கு..."

"கணக்கு?"

"நாலு."

"பாஸ்!" என்று கத்திவிட்டேன். மானிப்பாயில் நாலைப் போன்ற ஒரு புள்ளியோடு யாராவது வந்தால் முகத்தைப் பாராமலே தாளை எறிந்திருப்பேன். இங்கே ரெலிபோன் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணால் தண்ணி ஓடுகிறது, தவராசா அண்ணை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

முதியோர் இல்லம் ஒன்று உதவியாளராக எடுக்கிறதாம். அனுமதி வந்தால். வந்தால்தான். வராமலும் போகலாம், இந்த ஊரில் எங்களுக்கு எது வந்தது? ஆனால் மகளுக்கு எழுதிவிட்டாராம்.

"அப்ப இந்தச் சனி..." என்று தொடங்கினேன்.

"கணக்குக்கு இனி வரத் தேவையில்லை ரீச்சர்."

"சரி அக்கா."

நியாயம்தானே. கணக்கு என்றால் உள்ளே வாங்கோ என்று சொன்னவர். கணக்கு முடிந்துவிட்டது.

"வாறதெண்டால் வாங்கோ" என்றார். "கணக்குக்கு வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

யூலை 1, சனி

காலை எட்டுப் பத்து ரயில். புத்தகம், கொப்பி ஒன்றும் எடுக்கவில்லை. இரண்டு கையும் வெறுமையாக இருக்க, அவற்றை எங்கே வைப்பதென்று வழி முழுக்கத் தெரியவில்லை.